கேள்வியும் நாணய வியாபாரமும்
(நம் சங்கத்தின் கூடங்குளம் கூட்டத்திற் பேசியது)



கேள்வியால் அறிவு பெறுதல் நம் மரபு. வள்ளுவனார் கேள்வி அதிகாரத்தையடுத்து அறிவுடைமையை வைத்தனர். கேட்டதை ஆராய வேண்டுமென்பது குறிப்பு.

என் தமக்கை மகன், டாலர் விலையின் ஏற்றவிறக்கத்தை நிபுணரொருவர் உடனுக்குடன் சொல்லக் கேட்டு, அவர் சொற்படியே அன்றன்று வாங்கி விற்றான். ஒருநாள் நடுவே குரல் நின்றது. விற்குங் காலம் அறியாது திகைத்தான். தங்கையின் கலியாணப் பணம் போயிற்று. அவன் கேட்டது கட்டளை, காரணமன்று.

பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி, பாடம் மட்டும் சொல்வோர் முந்திய மூன்று மாத விலைகளைப் பயன்படுத்தலாகாதென 2025 ஜனவரியில் விதித்தது. ரூபாய் நாணய ஒப்பந்தம் செய்வோர்க்கு உண்மையான அந்நியச் செலாவணி வரவுசெலவு வேண்டுமென ரிசர்வ் வங்கி 2024-ல் வலியுறுத்திற்று.

இளைஞர்களே! பழைய விலைகளைக் கொண்டு, பணமின்றிப் பழகுங்கள். ஆசிரியர் உரைக்குமுன் உங்கள் முடிவையும் காரணத்தையும் ஏட்டில் எழுதி ஒப்பிடுங்கள். குரல் நின்றபின்னும் நிற்பதே கல்வி.