மொழி படிக்கவும் உதவித்தொகை உண்டு

(கோலார் தங்கவயலில் நம் உறுப்பினர் குடும்பத்து மாணவர்களுக்கான பாராட்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெளிநாட்டு உதவித்தொகை என்றாலே நம்மவர்களுக்கு எம்.எஸ்., பிஎச்.டி.தான் நினைவுக்கு வருகிறது. ஒரு மொழியைத் தீவிரமாகப் படிப்பதற்கென்றே, அந்த நாட்டில் தங்கவைத்துப் பணமும் கொடுக்கிறார்கள் என்பது பல அகங்களில் தெரியாது. அதைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல ஆசைப்படுகிறேன்.

2001 பிப்ரவரி 28-ல் இங்கே சுரங்கம் மூடப்பட்டது. அன்று முதல் நம் பிள்ளைகளுக்குப் படிப்பும் வேலையும் மாரிக்குப்பம் ரயிலில் ஏறினால்தான் என்று ஆகிவிட்டது. ஆனால் இந்த ஊர் கொடுத்த ஒரு சொத்து இன்னும் மிச்சமிருக்கிறது. அகத்தில் தமிழ், பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும், கடைத்தெருவில் தெலுங்கு. பத்து வயதுக் குழந்தை நாலு மொழியில் பேசுகிறது. அதை யாரும் ஒரு திறமையாகக் கணக்கில் எடுப்பதில்லை.

ஜப்பான் நமக்கு அந்நியமும் இல்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், ஏறத்தாழ 2,300 மீட்டர் ஆழத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஒஸாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து ஆராய்ச்சி செய்தார்கள். வளிமண்டல நியூட்ரினோக்களை 1965-ல் உலகில் முதன்முதலாகக் கண்டறிந்தவர்களுள் இவர்களும் உண்டு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஜப்பானிய மொழியையே பட்டப்படிப்பில் முக்கியப் பாடமாக எடுத்தவர்களுக்கு, 'மெக்ஸ்ட்' எனப்படும் அந்நாட்டுக் கல்வி அமைச்சகம் சுமார் ஒரு வருஷம் அங்கே படிக்க உதவுகிறது. கல்விக் கட்டணம் இல்லை. விமானச் செலவு அவர்களுடையது. அண்மை ஆண்டு அறிவிப்புகளில் மாதம் 1,17,000 யென் அளவில் கொடுத்திருக்கிறார்கள்.

சீன மொழிக்குத் தைவானின் 'ஹுவாயூ' உதவித்தொகை இருக்கிறது. இரண்டு மாதம் முதல் ஒரு வருஷம் வரை படிக்கலாம். வாரத்துக்குக் குறைந்தது 15 மணி நேர வகுப்பு. ஆனால் விமானச் செலவும் கட்டணமும் நம்முடையது. கணக்குப் போட்டுத்தான் இறங்க வேண்டும்.

ஜெர்மனியின் 'டாட்' அமைப்பு, அங்குள்ள பல்கலைக்கழகங்களில் கோடைக்கால மொழி வகுப்பில் சேர உதவி வந்திருக்கிறது. இஞ்சினீயரிங் மாணவரும் விண்ணப்பிக்க முடிந்தது. ஆனால் ஜெர்மன் ஓரளவு முன்பே தெரிந்திருக்க வேண்டியிருந்தது.

கவனிக்க வேண்டியது இதுதான். ஜப்பானுக்கும் ஜெர்மனிக்கும் போக வேண்டுமானால் இங்கேயே படிக்கத் தொடங்கியிருக்க வேண்டும். அறிவிப்பு வந்த பிறகு முதல் பாடம் திறந்தால் நேரம் போதாது. இரண்டு வருஷம் முன்னதாகவே தொடங்குங்கள். மொழியைக் கண்டு பயப்படவும் வேண்டாம். "நான் புத்தகம் படித்தேன்" என்பதை ஜப்பானியர் "வதாஷி வ ஹோன் ஓ யோமிமாஷிதா" என்பார்கள். முதலில் நான், அடுத்து புத்தகம், கடைசியில் வினை. நம் தமிழின் வரிசையேதான்! எழுத்துதான் கஷ்டம், அதற்குத் தினமும் ஒரு மணி நேரம் எழுதிப் பழக வேண்டும்.

பெற்றோர் இரண்டு கேள்வி கேட்பார்கள். "ஒரு வருஷம் வீணாகாதா?" கோடை வகுப்பு என்றால் ஒரு வருஷம் ஆகாது. ஒரு வருஷப் படிப்பென்றால் கல்லூரியில் முன்கூட்டியே எழுத்து மூலம் அனுமதி வாங்கிவிடுங்கள். "சாப்பாட்டுக்கு என்ன செய்வான்?" நியாயமான கவலைதான். ஜப்பானில் காய்கறி சூப்பில்கூட மீனில் எடுத்த 'தாஷி' சேர்ந்திருக்கும். சாதம் வடிக்கவும் ரசம் வைக்கவும் இப்போதே சொல்லிக் கொடுங்கள், பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.

மற்ற நாட்டார் இதை எவ்வளவு பெரிதாக நினைக்கிறார்கள் பாருங்கள். அமெரிக்க அரசு 2006-ல் 'கிரிட்டிகல் லாங்வேஜ் ஸ்காலர்ஷிப்' தொடங்கித் தம் மாணவர்களை ஹிந்தி, உருது, வங்காளம் போன்ற மொழிகள் கற்க அனுப்பியது. மதுரையில் அமெரிக்க இந்தியவியல் நிறுவனத்தின் வகுப்பில் உட்கார்ந்து தமிழ் படித்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் எத்தனையோ பேர்.

கடைசியாக, வெளியூர் உறுப்பினர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஜப்பானிய மொழித் தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் பெங்களூரிலும் சென்னையிலும் நடக்கிறது. ஜெர்மன் வகுப்புக்கு மாக்ஸ்முல்லர் பவனும் அந்த ஊர்களில்தான். இந்த ஊர்ப் பெண் ஒருத்தி பெங்களூரில் மாலை வகுப்பில் சேர்ந்தால் அகம் திரும்ப ராத்திரி வெகுநேரம் ஆகிவிடும். மூன்றாம் வாரமே நின்றுவிடுவாள். உதவித்தொகை கைநழுவுவது இந்த இடத்தில்தான்.

பெங்களூரில், சென்னையில் இருப்பவர்கள் சனிக்கிழமை இரவு ஒரு பிள்ளைக்குப் படுக்க இடமும் காலையில் ஒரு காபியும் கொடுத்தால் போதும். வார இறுதி வகுப்பில் அவர்கள் தொடர்ந்து படிப்பார்கள். விருப்பமுள்ளவர்கள் கிளைச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.

குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம்.