பக்கவாதமும் நான்கரை மணி நேரமும்
(லிட்டில் இந்தியாவில் நடந்த மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் மருத்துவன் அல்லன். மார்க்கெட் ஸ்திரீட்டில் மளிகைக் கடை நடத்துபவன். 2011-ஆம் ஆண்டு ஒரு காலை, கடை திறந்து சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிக்கொண்டிருந்த என் அண்ணனின் கையிலிருந்து அது நழுவி விழுந்தது. வாய் ஒரு பக்கம் கோணியது. பேச்சு குழறியது. மணி எட்டு இருக்கும். உட்கார வைத்துக் கையைத் தேய்த்தோம். காப்பி கொடுத்தோம், கொடுத்திருக்கவே கூடாது, புரை ஏறிவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது. அடுத்து ஒரு கிளினிக்குக்குக் கூட்டிச் சென்றோம். இரத்த அழுத்தம் என்று மாத்திரை தந்து அனுப்பினார்கள். பெரிய மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் இரண்டு.

அங்கிருந்த டாக்டர் முதலில் கேட்ட கேள்வி, “கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்?” என்பதுதான். நாங்கள் மூவர் மூன்று பதில் சொன்னோம்.

அக்கேள்வியின் காரணம் இதுதான். பக்கவாதங்களில் பெரும்பாலானவை மூளைக்குச் செல்லும் குழாயில் இரத்தம் கட்டிக்கொள்வதால் வருபவை. அக்கட்டியைக் கரைக்கும் ஊசி பயன் தருவதை 1995-இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. அப்போது கெடு மூன்று மணி நேரம். 2008-இல் ஐரோப்பிய ஆய்வு அதை நான்கரை மணி நேரமாக நீட்டியது. 2015-க்குப் பிறகு, பெரிய குழாய் அடைபட்ட சிலருக்குக் கம்பி செலுத்திக் கட்டியை வெளியே எடுக்கும் முறையும் நிலைபெற்றது. ஆனால் சிலருக்குக் குழாய் வெடித்து இரத்தம் கசிந்திருக்கும். அவர்களுக்கு இதே ஊசி ஆபத்து. எது என்பதை சி.டி. ஸ்கேன்தான் சொல்லும். ஆகவே வீட்டில் ஆஸ்பிரினும் கொடுக்க வேண்டாம்.

மலாய்க்காரர்கள் இந்நோயை ‘அங்கின் அஹ்மார்’, அதாவது சிவப்புக் காற்று என்பார்கள். நாமும் வாதம் என்று காற்றின் பெயரைத்தான் வைத்திருக்கிறோம். காற்று தானாகப் போய்விடும் என்ற நினைப்பு அதனாலேயே நம்மை விடவில்லையோ என்னவோ. பேச்சு குழறினால் “தண்ணி போட்டிருக்கிறாரா?” என்று கேட்பவர்களும் உண்டு.

நாட்டில் நரம்பியல் நிபுணர்கள் குறைவு. இருப்பவர்களிலும் பெரும்பாலோர் பெரிய நகரங்களில். அவ்வகையில் நாம் கொடுத்து வைத்தவர்கள். பினாங்குப் பொது மருத்துவமனை இக்கடைத்தெருவிலிருந்து சில நிமிடக் கார் ஓட்டம். பெருநிலத்தில் இருப்பவர்கள் பாலம் தாண்டி வரவேண்டியதில்லை. செபராங் ஜெயா மருத்துவமனையிலும் இச்சிகிச்சை உண்டு. அவ்வளவு அருகில் இருந்தும் நாங்கள் ஆறு மணி நேரத்தைத் தொலைத்தோம். நிபுணரைத் தேடி அலைய வேண்டாம். முகம் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குழறினால் 999-ஐ அழையுங்கள். கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைத் தாளில் எழுதிக் கையில் கொடுங்கள்.

பிந்திய காலம்தான் நீண்டது. அரசு நிபுணர் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஐந்து வெள்ளி. பணம் அங்கே தடையில்லை; கூட வர ஆளில்லாததே தடை. பிள்ளைகள் வேலைக்குப் போய்விடுவார்கள், தாயார் தவணை நாளை விட்டுவிடுவார். ‘நாசாம்’ என்னும் தேசியப் பக்கவாதச் சங்கம், தாமே பக்கவாதத்திலிருந்து மீண்ட ஜேனட் இயோ 1996-இல் தொடங்கியது. அதன் மையம் பினாங்கிலும் உண்டு. பயிற்சிக்கு அங்கேயும் அழைத்துச் செல்ல ஆள் வேண்டும்.

இன்னொன்றைக் கடைக்காரர்களிடம் உரிமையுடன் சொல்கிறேன். நம் உணவகங்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்த தம்பிகள் வேலை செய்கிறார்கள். குடியுரிமை இல்லாதவருக்கு அரசு மருத்துவமனையில் கட்டணம் பல மடங்கு. அவர்களுடைய காப்புறுதி அட்டையும் கடப்பிதழ் நகலும் முதலாளியின் பூட்டிய மேசையில் இருந்தால், இரவு பதினொரு மணிக்கு யார் எடுப்பது?

அண்ணன் இன்றும் கடைக்கு வருகிறார். வலது கை எழவில்லை. வாடிக்கையாளர் பெயர்கள் அவருக்கு நினைவிருக்கின்றன, வாயில்தான் வருவதில்லை.

வாரம் இருமுறை நோயாளிகளை ஏற்றிச் செல்ல ஒரு வேனும், முறை வைத்து ஓட்ட நான்கு பேரும் வேண்டும். முன்வருபவர்கள் கூட்டம் முடிந்ததும் வாசலருகே என்னிடம் பெயர் கொடுக்கலாம்.