முழு வருகைப் பரிசு வாங்கிய என் தோழன்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

பரிசளிப்பு நாளில் கல்வியின் பெருமையைப் பேசுவதே வழக்கம். நான் இன்று, மறைந்துபோன என் பால்ய நண்பன் ஒருவனைப் பற்றிப் பேச விரும்புகிறேன். பொறுமையோடு கேட்க வேண்டுகிறேன்.

அவனும் நானும் ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். அவன் வீட்டில் மிளகாய் தாளித்தால் எங்கள் வீட்டில் தும்முவோம். பால்மரங்களை அழித்துச் செம்பனை நட்ட காலம் அது. பள்ளி விட்டதும் பாரிட்டில் இறங்கி மீன் பிடிப்போம். பெரிய மீனை என் வாளியில் போட்டுவிட்டு, "ஒங்க வீட்ல ஆளு ஜாஸ்திடா, நீ கொண்டு போ" என்பான். அப்போது அவனுக்கு வயது பதினொன்று!

படிப்பில் அவன் நடுத்தரம். ஆனால், 2001ஆம் ஆண்டில் ஒரு நாள்கூட மட்டம் போடாமல் முழு வருகைக்கான பரிசு பெற்றான். அவன் வாழ்நாளில் வாங்கிய ஒரே பரிசு அதுதான். பரிசாகக் கிடைத்த அகராதிக்கு அட்டை போட்டுப் பத்திரமாக வைத்திருந்தான்.

தந்தை படுத்த படுக்கையானதால் மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்டுக் குலை வெட்டப் போனான். அங்கேயும் அதே குணம்தான். மழையானாலும் வெயிலானாலும் பெரட்டுக்கு முதல் ஆளாக நிற்பான்.

2019ஆம் ஆண்டு, மழைக்காலத்தில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. கெண்டைக்கால் இரண்டும் வலித்தன, கண்கள் சிவந்தன. "குலை தூக்குன வலிதாண்டா. ரெண்டு பெனடால் போட்டா சரியாப் போயிடும்" என்று மூன்று நாள் வேலைக்குப் போனான். ஐந்தாம் நாள் உடம்பு மஞ்சளித்து, சிறுநீர் நின்றது. மருத்துவமனைக்குக் கொண்டுபோன மூன்றாம் நாள் கண்ணை மூடிவிட்டான். எலிக்காய்ச்சல் என்றார்கள். மலாயில் 'கென்சிங் தீக்குஸ்' என்பது இதைத்தான்.

பெரியோர்களே! உதிர்ந்த செம்பனைப் பழத்தைத் தின்ன எலிகள் வரும். எலியைப் பிடிக்கத்தான் தோட்டங்களில் ஆந்தைக் கூடுகள் வைக்கிறார்கள். எலியின் சிறுநீரில் உள்ள கிருமி ஈர மண்ணிலும் பாரிட்டுத் தண்ணீரிலும் தங்கும். காலில் உள்ள சின்னக் கீறல் போதும், உள்ளே புகுந்துவிடும். காய்ச்சல் உடனே வராது. பெரும்பாலும் ஒன்று இரண்டு வாரம் கழித்தே வரும். தொடக்கத்திலேயே போனால் மருந்து உண்டு. நாள் தள்ளினால் சிறுநீரகமும் நுரையீரலும் கெட்டுவிடும். நம் நாட்டில் 2010ஆம் ஆண்டு முதல் மருத்துவர்கள் இந்நோயைக் கட்டாயம் அரசுக்கு அறிவிக்க வேண்டும். அவ்வளவு கடுமையான நோய் இது.

ஆகவே அண்ணன்மார்களே, பூட்ஸ் இல்லாமல் காட்டில் இறங்காதீர்கள். புண் இருந்தால் கட்டுப்போட்டு மூடுங்கள். காய்ச்சல் வந்தால் அரசாங்கக் கிளினிக்குக்குப் போய், "நான் செம்பனைக் காட்டில் வேலை செய்பவன்" என்று வாய் திறந்து சொல்லுங்கள். குடிமக்களுக்கு அங்கே ஒரு வெள்ளிதான். சம்பளம் போய்விடுமே என்று அஞ்ச வேண்டாம். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, மருத்துவர் சான்று தந்தால் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. முதல் இரண்டு ஆண்டு வேலை செய்பவருக்கே வருடத்திற்கு 14 நாள். ஐந்து ஆண்டுக்கு மேல் என்றால் 22 நாள். தாய்மார்களே, வீட்டுக்காரர் "சும்மா காய்ச்சல்தான்" என்றால் நம்பாதீர்கள்!

மாணவச் செல்வங்களே, பள்ளிக்கு நாள் தவறாமல் வருவது நல்ல பழக்கம். உழைப்பும் நல்ல பழக்கம். ஆனால் உடம்பு சரியில்லாத நாளில் ஓய்வெடுப்பது சோம்பல் ஆகாது. காய்ச்சலோடு வகுப்புக்கு வராதீர்கள். விட்ட பாடத்தை நான் சொல்லித் தருகிறேன். வெள்ளம் வடிந்த பாரிட்டில் கால் வைக்காதீர்கள்.

என் தோழனுக்குச் சிலையோ மண்டபமோ வேண்டாம். இந்தத் தோட்டத்தில் ஒரே ஓர் அண்ணன் காய்ச்சலின் முதல் நாளிலேயே மருத்துவரைப் பார்த்தால், அதுவே அவனுக்கு நாம் செலுத்தும் அஞ்சலி.