கரி படிந்த சுவர்கள்

ஈப்போவிலிருந்து பத்து காஜா பக்கம் போகிறவர்கள் அரை நாளில் இரண்டு பழைய சின்னங்களைப் பார்த்துவிடலாம். ஒன்று கெல்லி மாளிகை. மற்றொன்று, தஞ்சோங் துவாலாங் சாலையோரக் குளத்தில் நிற்கும் ஐந்தாம் எண் ஈயக் கப்பல், அதாவது வெள்ளீயத் தாதை அள்ளிய மிதவை இயந்திரம். மாளிகை கட்டி முடிக்கப்படவே இல்லை. கப்பலிலோ 44 ஆண்டுகள் வேலை நடந்தது. தோட்டத்தில் உழைத்து மறைந்தவர்களின் நினைவாக நிகழும் இந்தச் சொற்பொழிவு, இவ்விரண்டையும் பார்த்துவிட்டு, சுற்றுலா வரைபடத்தில் இடம்பெறாத மூன்றாவது கட்டடம் ஒன்றுக்குப் போக விரும்புகிறது. அது ரப்பர் தோட்டத்துப் புகைவீடு.

ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித் கிந்தா கெல்லாஸ் தோட்டத்தின் முதலாளி. 1915 வாக்கில் மாளிகையை விரிவாக்கத் தொடங்கினார். சென்னை மாகாணத்திலிருந்து கைவினைஞர்கள் வந்தார்கள். தொற்றுக் காய்ச்சலில் தொழிலாளர் பலர் மாண்டபோது அவர்கள் மாரியம்மனுக்கு ஒரு கோயில் கேட்டார்கள். துரையும் கட்டிக் கொடுத்தார். அந்தக் கோயிலின் கூரையில் தெய்வச் சிலைகளுக்கு நடுவே அவர் உருவமும் நிற்கிறது. 1926இல் அவர் லிஸ்பனில் இறந்ததும் மாளிகை வேலை அப்படியே நின்றது. இன்று அங்கே வருகிறவர்கள் பேய்க்கதையும் இரகசிய வழியும் கேட்டுவிட்டுப் போகிறார்கள். மாளிகைக்குப் பணம் தந்த ரப்பர் பால் எங்கே சேர்ந்தது, எங்கே உறைந்தது, எங்கே புகையில் காய்ந்தது என்று கேட்பவர் அரிது.

ஈயக் கப்பலின் கதை வேறு. மலாயாவில் இத்தகைய கப்பல்கள் 1913 முதல் இயங்கின. ஐந்தாம் எண் கப்பல் 1938இல் கட்டப்பட்டது. நீளம் 75 மீட்டர், அகலம் 35 மீட்டர், எடை ஏறத்தாழ 4,500 டன். வாளிச் சங்கிலி குளத்தின் அடியிலிருந்து மண்ணை அள்ளி மேலே கொண்டுவரும். உள்ளே நீர் அதைக் கழுவும். கனமான ஈயத்தாது தங்கிவிடும், மீந்த மணல் பின்பக்கம் கொட்டும். தனக்கு முன்னே குளத்தை வெட்டிக்கொண்டும் பின்னே தூர்த்துக்கொண்டும் கப்பல் நகரும். 1982இல் இது ஓய்ந்தது. மூன்றே ஆண்டுகளில், 1985 அக்டோபரில், உலக ஈயச் சந்தையே சரிந்தது. கிந்தா பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் வரிசையாக மூடப்பட்டன. பின்னாளில் மிதவையில் நீர் கசிந்து கப்பல் ஒருபக்கம் சாய்ந்தபோது, அதைப் பழைய இரும்புக்கு விற்றிருந்தாலும் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். ஆனால் செப்பனிட்டார்கள். இன்று உள்ளே ஏறிச் சென்று, மண் போன வழியைக் கண்ணால் பின்தொடர முடிகிறது.

மண் போன வழி தெரிவதுதான் இங்கே முக்கியம். தொழிற்கூடம் பொருளின் பயணத்துக்காகக் கட்டப்படுவது. கோயிலுக்குக் கருவறை எப்படியோ, தொழிற்கூடத்துக்கு அந்தப் பாதை அப்படி. ஜெர்மனியின் எஸ்ஸன் நகரத்து சோல்ஃபெராய்ன் நிலக்கரிச் சுரங்கம் 1986இல் மூடப்பட்டு 2001இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அங்கே நிலக்கரி சென்ற பாதையிலேயே பார்வையாளரையும் நடத்திச் செல்கிறார்கள். இலங்கையில் கண்டிக்கு அருகே ஹந்தானையில் 1925ஆம் ஆண்டுத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்று அருங்காட்சியகமாகியிருக்கிறது. கந்தப்பளையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை, பழைய இயந்திரங்களில் சிலவற்றை வைத்துக்கொண்டே ஹோட்டலாகியிருக்கிறது. தேயிலைத் தோட்டத்துக்கு அமைந்த இந்த நல்வாய்ப்பு ரப்பர் தோட்டத்துக்கு ஏன் அமையவில்லை?

கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்றை இன்றும் வேலி போட்டுக் காக்கிறார்கள். மரத்தைக் காத்த பேராக் மாநிலம், அதன் பாலைப் பதப்படுத்திய கட்டடங்களை அப்படிக் காக்கவில்லை. காரணம் இல்லாமல் இல்லை. மலாயா சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றன. அந்த நெருக்கடியில்தான் சுங்கை சிப்புட்காரரான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 1965 முதல் தர எண்ணிட்ட கட்டி ரப்பர் பரவவே, பால் மையத் தொழிற்சாலைக்குப் போனது. பாலை ஷீட்டாக்கிப் புகைவீட்டில் காயவைத்த தோட்டங்களில் அடுப்பு அணைந்தது. பிறகு செம்பனை வந்தது. உருளை இயந்திரங்கள் இரும்பு விலைக்குப் போயின. தொழிலாளர் குடியிருந்த லயங்கள் காலியாயின. பல தோட்டங்களில் இன்று கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவே நிற்கிறது.

புகைவீடு பார்வைக்கு எளிய கட்டடம். உயரமான சுவர், சிறு கதவுகள், கூரை உச்சியில் காற்றுப்போக்கி, கீழே விறகு அடுப்பு. விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்பில் பேர் கொடுத்து ரப்பர் காட்டுக்குப் போனவர்கள், மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் சேர்ந்த பாலை வாளியில் சுமந்து, பதப்படுத்தும் கூடமான ஸ்டோருக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே பாலை அளந்து, தண்ணீர் கலந்து, அமிலம் ஊற்றி உறையவைத்தார்கள். உறைந்த பால் உருளைகளில் நசுங்கி வரிவரியான ஷீட்டாகி, கழிகளில் தொங்கி, சில நாள் புகையில் காய்ந்து தேன்நிறமானது. அந்தப் புகை சுவரில் விட்டுச் சென்ற கரியும் மரத்தில் ஊறிய நெடியும்தான் இந்தக் கட்டடத்தின் கல்வெட்டு. உணவகமாக்குகிறோம் என்று அதன்மேல் வெள்ளையடித்தால் சுவர் மட்டுமே மிஞ்சும்.

புகைவீட்டைக் காக்கச் சட்டம் தடையாக இல்லை. 1976ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் நூறு ஆண்டு வயதை எதிர்பார்த்தது. அதன் இடத்துக்கு வந்த 2005ஆம் ஆண்டுத் தேசியப் பாரம்பரியச் சட்டம் வரலாறு, தொழில்நுட்பம், சமூக உறவு, அரிய தன்மை ஆகியவற்றையும் அளவுகோலாக ஏற்கிறது. ஆகவே 1950இல் கட்டிய தகரக் கூரைப் புகைவீட்டுக்கும் வாதாட இடமிருக்கிறது. குறை எங்கே என்றால், அந்த அளவுகோலை யார் கையில் கொடுக்கிறோம் என்பதில். கட்டடக் கலைஞர் தூணையும் வளைவையும் அளப்பார். முகப்பு அழகில்லாத புகைவீடு அவர் தாளில் குறைந்த மதிப்பெண்ணே வாங்கும். ஸ்டோரில் வேலை பார்த்த ஒருவர் கூடவே நடந்தால் அந்தத் தாள் வேறுவிதமாக நிரம்பும்.

மறுபயன்பாடு கூடாது என்பதல்ல வாதம். பயன்படாத கூரை மழைக்குத் தாங்காது, இரண்டு பருவத்தில் கறையான் ஏறிவிடும். ஈப்போ பழைய நகரில் ஈயச் சுரங்க முதலாளிகளின் சங்கக் கட்டடமான ஹான் சின் பெட் சூ 2015இல் அருங்காட்சியகமாகத் திறந்தபின் மக்கள் உள்ளே போகிறார்கள், கேட்கிறார்கள். முதலாளிகள் பொழுதுபோக்கிய இடத்துக்குக் கிடைத்த கவனம், தொழிலாளர் நின்று வேலை செய்த இடத்துக்கும் கிடைக்கட்டும். புகைவீட்டைத் தமிழ்ப்பள்ளிக்கு நூலகமாக்கலாம், சமூகக் கூடமாக்கலாம். அடுப்புக் குழியையும் காற்றுப்போக்கியையும் ஒரு பக்கக் கரிச்சுவரையும் தொடாமல் விட வேண்டும். பால் நுழைந்த கதவும் ஷீட் வெளியேறிய கதவும் இன்னவை என்று வருகிறவருக்குத் தெரிய வேண்டும்.

இந்த வேலையைத் தொடங்கப் பெரிய நிதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அளவு நாடா, நோட்டுப் புத்தகம், ஒலிப்பதிவுக்கு ஒரு கைப்பேசி போதும். தோட்டத்தில் பிறந்து இன்று புந்தோங்கிலோ சுங்கை சிப்புட்டிலோ பேரப்பிள்ளைகளோடு இருக்கும் ஒரு பாட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு போகலாம். பெரட்டுக் களம் எது, பால் அளந்த கிராணி எங்கே நிற்பார், அமில ஜாடி எந்த மூலையில் இருந்தது, பிள்ளையை விட்டுவந்த ஆயாக் கொட்டகை அங்கிருந்து எத்தனை தூரம் என்று அவர் கை நீட்டிக் காட்டக் காட்ட, உடன் போகும் மாணவர் ஒருவர் வரைபடத்தில் குறித்துக்கொண்டே வரலாம்.