மைதானத்துச் சாவி

மேடையில் இருக்கும் பெரியவர்களின் பெயர்களை எனக்கு முன்னால் பேசியவர்கள் மூன்று தடவை சொல்லிவிட்டார்கள். நாலாவது தடவை நானும் சொன்னால் அவர்களே எழுந்து போய்விடுவார்கள். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இடது பக்கம் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். சீரியல் பல்பு சுற்றி இரண்டு கம்பம் நிற்கிறதே, அது பந்தக்கால் இல்லை, கோல் போஸ்ட். அதற்குப் பின்னால் சுற்றுச்சுவர் மேல் நாலு பையன்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தன் மடியில் பந்து. நான் மேடை ஏறும்போது அவன்தான் கேட்டான்: "சார், எப்ப சார் முடியும்?" என் பேச்சுக்கு இவ்வளவு நேர்மையான விமர்சனம் இதுவரை வந்ததில்லை.

நமக்கு இலக்கியக் கூட்டம் என்றாலும் பள்ளிக்கூட மைதானம்தான், புத்தகத் திருவிழா என்றாலும் பள்ளிக்கூட மைதானம்தான். இரவல் வாங்கிய இடத்தில் நின்றுகொண்டு 'ஊரும் விளையாட்டும்' என்று பேசச் சொல்கிறீர்கள். சரி, பேசுகிறேன்.

பிரான்ஸ் நாட்டின் தெற்குக் கரையில் தூலோன் என்று ரக்பிப் பித்துப் பிடித்த ஒரு கடற்படை ஊர். பிரெஞ்சுக்காரர்கள் நம் திண்டுக்கல்லுக்கு அந்நியம் இல்லை. 1755-ல் ஹைதர் அலி இங்கே பௌஜ்தாராக வந்து ஆயுதசாலை அமைத்தபோது, பீரங்கி வேலைக்குப் பிரெஞ்சு ஆட்களைத்தான் துணைக்கு வைத்துக்கொண்டார். வந்தவர்கள் ரக்பியையும் சொல்லிக்கொடுத்திருக்கலாம். என்ன செய்வது, அது அப்போது பிறக்கவே இல்லை!

ரக்பி என்றால் முட்டை வடிவப் பந்து. கையால் முன்பக்கம் வீசக் கூடாது, பின்னால் வருகிறவனுக்குத்தான் கொடுக்க வேண்டும். கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறவனை எதிரணிக்காரன் பாய்ந்து கட்டிப்பிடித்துச் சாய்ப்பான். கொசவப்பட்டி வாடிவாசலையும் புகையிலைப்பட்டி வாடிவாசலையும் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். திமில் ஒன்றுதான் குறை.

அந்த தூலோனில் 1872-ல் பிறந்தவர் ஃபெலிக்ஸ் மாயோல். பாட்டுக்காரர். 1895 மே 1-ஆம் தேதி பிழைப்புத் தேடிப் பாரிஸுக்குப் போய் இறங்கினார். அந்த நாளில் ஒருவருக்கொருவர் 'முகே' என்ற பூவைக் கொடுப்பது அங்கே வழக்கம். குட்டிக் குட்டி வெள்ளை மணிகளைக் கோத்துத் தொங்கவிட்ட மாதிரி இருக்கும். அதில் ஒரு கொத்தைக் கோட்டில் செருகிக்கொண்டு மேடையேறினார், பாட்டு எடுபட்டது. பூ கொண்டுவந்த ராசி என்று கடைசிவரை அதை விடவில்லை. நிலக்கோட்டைப் பூச்சந்தைக்குப் போய் வருகிற நமக்கு இந்த நம்பிக்கை புரியும்.

பணம் வந்ததும் அந்த மனிதர் செய்ததைத்தான் நான் சொல்ல வந்தேன். சொந்த ஊரில், துறைமுகத்தை ஒட்டி, ரக்பி ஆட்டக்காரர்களுக்கு ஒரு மைதானம் வாங்கிக் கொடுத்தார். 1920-ல் திறந்தார்கள். இன்றைக்கும் அது மாயோல் அரங்கம்தான். இன்றைக்கும் தூலோன் அணியின் சின்னம் அந்தப் பூக்கொத்துதான். மூக்கு உடைகிற ஆட்டம், நெஞ்சில் பூ! ஆட்டம் தொடங்குமுன் ஒருவர் குரல் எடுத்துக் கொடுக்க, மொத்தக் கூட்டமும் 'பிலூ பிலூ' என்று திருப்பிக் கத்தும். ஓங்கி உதைத்தால் பந்து துறைமுகத் தண்ணீரில் விழுந்துவிடும் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். 2013, 2014, 2015 என்று மூன்று வருஷம் தொடர்ந்து ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கியது அந்த ஊர். அந்த அரங்கம் பைபாஸுக்கு அப்பால் இல்லை. ஊருக்கு நடுவில் இருக்கிறது, வீட்டிலிருந்து நடந்தே போகலாம்.

நம்மிடம் அப்படி இல்லையா என்று கேட்பீர்கள். சென்னையில் இருந்தது. சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம், பழைய மக்கள் பூங்கா நிலத்தில் இருந்த அரங்கத்துக்குப் பெயரே கார்ப்பரேஷன் ஸ்டேடியம். ஒரு பக்கம் மிருகக்காட்சி சாலை, இன்னொரு பக்கம் மூர் மார்க்கெட். 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்தபோது இங்கே இருக்கிற சில பழைய புத்தகப் பித்தர்கள் ஒரு வாரம் சாப்பிட்டிருக்க மாட்டார்கள்.

1956 ஜனவரியில் அங்கே நியூசிலாந்தோடு டெஸ்ட் மேட்ச். வினூ மன்கட்டும் பங்கஜ் ராயும் ஆட்டத்தைத் தொடங்கினார்கள். முதல் நாள் முழுக்க ஒரு விக்கெட் விழவில்லை. கடைசியில் அந்த ஜோடி பிரிந்தபோது 413 ரன். ராய் 173, மன்கட் 231. முதல் விக்கெட்டுக்கு உலக சாதனை. 2008 வரை, 52 வருஷம் அதை எவனும் தொடவில்லை. எட்டு வருஷம் கழித்து அதே மண்ணில் பாபு நட்கர்னி இங்கிலாந்துக்குப் பந்து போட்டார். 32 ஓவர், 27 மெய்டன், 5 ரன். அதில் தொடர்ந்து 21 ஓவர் மெய்டன்! விக்கெட் மட்டும் ஒன்றுகூட இல்லை. அரசு ஆபீஸில் மனு கொடுத்துக் காத்திருந்தவர்களுக்கு அந்த இங்கிலாந்துக்காரர்கள் பட்ட பாடு புரியும்.

1956-லிருந்து 1965 வரை ஒன்பது டெஸ்ட் அங்கே நடந்தது. 1967-ல் கிரிக்கெட் சேப்பாக்கத்துக்கே திரும்பிப் போய்விட்டது. 1993-ல் பழைய அரங்கத்தைப் புதிதாகக் கட்டினார்கள். இப்போது நேரு ஸ்டேடியம் என்று மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்திடம் இருக்கிறது. நன்றாகவே இருக்கிறது. ஆனால் 'கார்ப்பரேஷன்' என்ற சொல் உதிர்ந்துபோனதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. குழாயடி, குப்பைத்தொட்டி, வீட்டுவரி ரசீது என்று மட்டும் நமக்குத் தெரிந்த ஒரு பெயர், உலக சாதனைக்குப் பக்கத்திலும் கொஞ்ச காலம் நின்றது.

இனி நம் ஊர். 1866-ல் நகராட்சி, 2014-ல் மாநகராட்சி, 48 வார்டு. ஊர் பெயரில் திண்டுக்கல் டிராகன்ஸ் என்று ஒரு டிஎன்பிஎல் கிரிக்கெட் அணி 2016-லிருந்து இருக்கிறது. 2024-ல் அஷ்வின் தலைமையில் கோப்பையும் வாங்கியது. மேட்ச் நடப்பது நத்தம் என்பிஆர் கல்லூரி மைதானத்தில். 2019 டிசம்பரில் அங்கேதான் ரஞ்சி ஆட்டத்தில் தமிழ்நாடு அணியாகக் கர்நாடகாவிடம் 181 ரன் துரத்தி 154-ல் சுருண்டோம். அவர்களுடைய கௌதம் ஒருத்தரே அந்த இன்னிங்ஸில் எட்டு விக்கெட். 2025 ஜூலையில் டிஎன்பிஎல் இறுதிப் போட்டியே அங்கே வந்தது. சொந்த மைதானத்தில் திருப்பூரிடம் 118 ரன் வித்தியாசத்தில் தோற்றோம். சொந்த மைதானம் என்று வாய் தவறிச் சொல்கிறேன் பாருங்கள்! அது கல்லூரியின் சொந்தம். அந்தக் கல்லூரி மட்டும் இல்லை என்றால் திண்டுக்கல் என்ற பெயரை டிவி ஸ்கோர்போர்டில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். நன்றி சொல்ல வேண்டும், சொல்கிறேன். ஆனால் அந்தப் புல்லில் நாகல் நகர்ப் பையன் சாயங்காலம் ஐந்து மணிக்குப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு ஓட முடியுமா?

எட்டாவது படிக்கும்போது நாங்கள் ஒரு மைதானத்துச் சுவர் ஏறிக் குதித்து விளையாடுவோம். எந்த மைதானம் என்று கேட்காதீர்கள். ஒரு நாள் வாட்ச்மேன் தாத்தா பந்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். கேட்டில் இவ்வளவு பெரிய மாங்காய்ப் பூட்டு. எங்களில் ஒருத்தனுடைய அப்பா குடைப்பாறைப்பட்டியில் அரம் பிடித்து ராவுகிறவர். அவன் பூட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான், "டேய், இது எங்க பட்டறைப் பூட்டுடா." அப்பன் செய்த பூட்டுக்கு வெளியே மகன் நின்றான். 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் படித்தபோது எனக்கு அவன் முகம்தான் ஞாபகம் வந்தது.

மாயோல் மாதிரி ஒரு பாட்டுக்காரர் வருவார் என்று காத்திருக்க வேண்டாம். பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவு போட்டால், சாலை போக மீதி நிலத்தில் பத்து சதவீதத்தைப் பொது இடமாக உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. உங்கள் நகர் லேஅவுட் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். பச்சை அடித்த கட்டம் எங்கே இருக்கிறது, அங்கே இப்போது என்ன நிற்கிறது, அதற்குப் பூட்டு இருந்தால் சாவி யார் இடுப்பில் தொங்குகிறது என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். அடுத்த வாரமே கேளுங்கள்.

அந்தப் பையன் சுவரை விட்டு இறங்கிவிட்டான். முடித்துக்கொள்கிறேன் தம்பி. கூட்டம் கலைந்ததும் அவரவர் நாற்காலியை ஓரமாக அடுக்கிவிட்டுப் போங்கள். பந்தல்காரர், கோல் போஸ்ட்டில் இருக்கிற ஒயரை முதலில் அவிழ்த்துவிடுங்கள்.