ஸ்தல ஸ்தாபனங்களின்மேல் ஏறும் சட்டச் சுமை

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம் செவிக்கு இனியதன்று. எனினும் அது நம் தெருவிளக்கையும், குடிநீர்க் குழாயையும், ஊர்ச் சாக்கடையையும் பற்றியதாகலின், சற்றுப் பொறுமையுடன் கேட்டருள வேண்டுகின்றோம்.

சட்டசபையில் ஒரு மசோதா வருகின்றது. அதன் நோக்கம் நல்லது, பத்திரிகைகள் புகழ்கின்றன, அங்கத்தினர்கள் மேசையைத் தட்டி வரவேற்கின்றனர். அதனை நடத்தி வைக்கும் பொறுப்பு ஸ்தல ஸ்தாபனத்தைச் சார்ந்தது என்று மாத்திரம் ஏதோ ஒரு பிரிவில் ஒரு வரி காணப்படும். அந்த ஒரு வரி, பின்னர் ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சிகளின் செலவுக் கணக்கில் எத்தனை வரிகளாக விரிகின்றது என்பதையே நாம் ஆராயப் புகுகின்றோம்.

கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைப்பது என்று நம் பெரியோர் சொல்வதுண்டு. புண்ணியம் உடைத்தவருக்கு, நஷ்டம் கடைக்காரருக்கு. பணத்துக்கு வழி சொல்லாமல் பணியை மாத்திரம் கீழே தள்ளும் சட்டமும் இத்தகையதே.

இவ்வழக்கம் நேற்று முளைத்ததன்று. 1870-ஆம் வருஷத்தில் வைஸிராய் மேயோ பிரபு, கல்வி, வைத்தியம், சாலை முதலிய இலாகாக்களின் செலவை மாகாண சர்க்கார்களிடம் ஒப்படைத்தார். அவற்றுக்கென இந்திய சர்க்கார் ஒதுக்கிய தொகையோ முன்னர்ச் செலவிட்டதிலும் குறைவு. அக்குறையை உள்ளூர் வரிகளால் நிரப்பிக்கொள்ளும்படி ஆயிற்று. மறுவருஷமே, அதாவது 1871-இல், சென்னை மாகாணத்தில் ஸ்தல நிதிச் சட்டம் பிறந்தது. சாலைக்கும் பள்ளிக்கும் என்று நிலத்தின்மேல் செஸ் வரி தண்டப்பட்டது. மேலிருந்தோர் கணக்கு நேராயிற்று; உழவர் மடி இளைத்தது.

நிற்க. இக்காலத்து நிலைமையைப் பார்ப்போம். இந்திய அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தம் 1993-ஆம் வருஷம் ஏப்ரல் 24 முதல் அமலுக்கு வந்தது. ஊராட்சிகளிடம் ஒப்புவிக்கத் தக்க 29 விஷயங்களை அதன் அட்டவணை எண்ணிக் கூறுகின்றது. 1994-இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் இயற்றப்பட்டது. நம் மாநிலத்தில் ஏறக்குறைய 12,500 கிராம ஊராட்சிகள் உள்ளன. இவற்றின் சொந்த வருவாய் யாது? வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் முதலிய சிலவே. மற்றவை பெரும்பாலும் மேலிருந்து வரும் மானியங்கள். அம்மானியத்துக்கும் கட்டு உண்டு. 15-ஆவது நிதிக் கமிஷன் 2021 முதல் 2026 வரை ஐந்து நிதி வருஷங்களுக்குச் சிபார்சு செய்த கிராம ஸ்தாபன மானியத்தில், 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டப்பட்டது. எஞ்சிய 40 சதவீதமே ஊரார் தம் தேவைப்படி செலவிடுவதற்கு உரியது. அதிலிருந்தும் சம்பளம் கொடுத்தல் கூடாது என்பது விதி. இத்தகைய பெட்டியின்மேல் புதிய கடமை ஒன்று ஏறுமாயின், அதற்குரிய பணம் வேறொரு பணியிலிருந்துதான் பிடுங்கப்பட வேண்டும். பழுதான மோட்டார் பழுதாகவே கிடக்கும். அணைந்த விளக்கு அணைந்தே இருக்கும்.

பணமின்றிப் பிறந்த கட்டளையின் கதி யாது என்பதற்கு ஓர் உதாரணம் கூறுவோம். மத்திய சர்க்கார் 2000-ஆம் வருஷத்தில் நகரத் திடக்கழிவு விதிகளை வெளியிட்டனர். 2003-ஆம் வருஷம் டிசம்பர் 31-க்குள் குப்பையைப் பதப்படுத்தும் நிலையங்கள் அமைந்துவிட வேண்டும் என்று நகராட்சிகளுக்குக் கெடு வைத்தனர். கெடு வைத்த விதிகள் பணத்தை வைக்கவில்லை. அத்தேதி கடந்து பல்லாண்டுகள் சென்ற பின்னரும், சென்னையில் கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் குப்பை மலையாகவே நின்றது. நகராட்சிகளின் அசிரத்தையும் இதற்கு ஒரு காரணம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பணம் கொடாதவர் அந்த அசிரத்தையைத் தட்டிக் கேட்கும் யோக்கியதையையும் இழந்துவிடுகின்றனர்.

இதில் பணத்தோடு மானமும் கலந்துள்ளது. ஊராட்சிகள் சட்டத்தின் 205-ஆவது பிரிவின்படி, சட்டம் விதித்ததை வேண்டுமென்றே செய்யாது விடும் தலைவரைப் பதவியினின்று நீக்க மாவட்டக் கலெக்டர் நடவடிக்கை தொடங்கலாம். மனமின்றிச் செய்யாமை வேறு. பணமின்றிச் செய்ய இயலாமை வேறு. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டும் பாரம் தலைவர் தலையிலேயே விழுகின்றது. 2016-இல் இயற்றப்பட்ட திருத்தத்தால் ஸ்தல ஸ்தாபனங்களில் பாதி ஸ்தானங்கள் பெண்களுக்கு உரியன. தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பதவிக்கு வரும் ஒரு சகோதரி, தாம் இயற்றாத சட்டத்துக்கும் தம்மிடம் இல்லாத பணத்துக்கும் ஊரார் முன் விடை சொல்லி நிற்பது நியாயமாகுமா? நம் சங்கத்தில் ஊராட்சித் தலைவராகவும் அங்கத்தினராகவும் இருந்தோர் சிலர் இங்கு அமர்ந்துள்ளனர். நாம் சொல்வதன் உண்மையை அவர்கள் அறிவார்கள்.

இனி, மூலகாரணத்தை நோக்குவோம். அரசியல் சட்டத்தின் 207-ஆவது ஷரத்து ஒரு நல்ல காவலை வைத்திருக்கின்றது. மாநிலத்தின் தொகுப்பு நிதியிலிருந்து செலவு உண்டாக்கும் மசோதாவைக் கவர்னரின் சிபார்சு இன்றிச் சட்டசபை நிறைவேற்றுதல் கூடாது. ஆனால் அக்காவல் சர்க்காரின் பெட்டிக்கே உரியது. ஊராட்சி நிதிக்கு அவ்ஷரத்தில் இடமில்லை. தம் பணத்தைத் தொடும்போது ஒருமுறை எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டவர், ஊரார் பணத்தைத் தொடும்போது எண்ணக் கடமைப்படவில்லை. நோய் இங்குதான் இருக்கின்றது.

இந்நோய்க்கு மருந்து தேடியவர்களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தாரைக் குறிப்பிடலாம். அங்கு 1978-இல் ஜனங்கள் வாக்களித்துச் சொத்து வரியை மதிப்பில் 1 சதவீதத்துக்கு மேற்படாமல் கட்டுப்படுத்தினர். ஸ்தல ஸ்தாபனங்களின் முக்கிய வருவாய் சுருங்கியது. ஆகவே 1979-இல் தங்கள் அரசியல் சட்டத்தில் ஒரு விதியைச் சேர்த்தனர். மாநிலம் ஒரு புதிய பணியை ஸ்தல ஸ்தாபனத்தின்மேல் சுமத்தினால், அச்செலவை மாநிலமே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது அவ்விதி. வழக்குகளை விசாரிக்க ஒரு கமிஷனும் ஏற்பட்டது. சர்க்கார் பாக்கி வைத்துக் காலம் கடத்தவே, 2004-இல் இன்னொரு திருத்தம் வந்தது. வருஷந்தோறும் பணத்தைக் கொடு; இல்லையேல் அவ்வருஷம் அக்கட்டளையை நிறுத்தி வை என்பது அதன் சாரம்.

இதிலும் ஓர் இடையூறு உண்டு. அதனை மறைத்தல் தகாது. ஸ்தல சபைகள் கூடுவதற்கு 72 மணி நேரத்துக்கு முன் நிகழ்ச்சி நிரலை யாவரும் காண ஒட்ட வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். இச்சிறு காரியத்துக்கும் மாநிலத்திடம் பணம் கோரப்பட்டது. 2012-இல் செலவைச் சுருக்கும் பொருட்டு அக்கட்டளையே நிறுத்தி வைக்கப்பட்டது! ஜனங்கள் 2014-இல் மீண்டும் வாக்களித்து, கூட்டத்தையும் தஸ்தாவேஜையும் ஜனங்களுக்குத் திறந்து வைக்கும் செலவை ஸ்தல ஸ்தாபனங்களே ஏற்க வேண்டும் என்று தீர்த்தனர்.

இவ்விரு தீர்ப்புகளையும் சேர்த்து நோக்கின் தெளிவு உண்டாகும். தன் ஊராருக்குக் கணக்குக் காட்டுவது ஸ்தல ஸ்தாபனத்தின் சொந்தக் கடன். அதற்கு எவரிடமும் கூலி கேட்டல் ஆகாது. மாநிலம் முழுவதன் நன்மைக்காக மாநிலம் விரும்பிச் சுமத்தும் பணிக்கோ மாநிலமே பணம் கொடுத்தல் வேண்டும். பணமில்லையேல் நல்ல சட்டமே வேண்டாமா என்று வினவுவோர் உளர். வேண்டும் என்பதே நம் விடை. எவர் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்பதையும் அச்சட்டமே சொல்ல வேண்டும் என்பதுதான் நம் கோரிக்கை. நம் மாநிலத்திலும் இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்களை 1981-இல் சர்க்கார் தம் ஊழியராக ஏற்றுக்கொண்டனர். பெயர்ப் பலகையில் ஒன்றியத்தின் பெயர் நிலைத்தது. சம்பளப் பொறுப்பு சர்க்காருடையதாயிற்று.

ஆகவே நம் அங்கத்தினர்கள் மூன்று காரியங்கள் செய்ய வேண்டுகின்றோம். முதலாவது, ஸ்தல ஸ்தாபனங்களைத் தொடும் மசோதா வெளியானால், சட்டமான பின்பு புலம்பாமல், மசோதாவாக இருக்கும்போதே நம் தொகுதிச் சட்டசபை அங்கத்தினரிடம் சென்று, இதற்குப் பணம் எங்கே என்று கேட்டல் வேண்டும். இரண்டாவது, ஊராட்சி அநுபவம் உடையோர், எக்கட்டளைக்கு எவ்வளவு செலவாயிற்று என்பதைத் தொகுத்து எழுதித் தர வேண்டும். கணக்கோடு வரும் முறையீட்டைத் தள்ளுவது எளிதன்று. மூன்றாவது, ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய தினங்களில் கூடும் கிராம சபைக்கு நம் குடும்பத்து ஆடவரும் பெண்டிரும் தவறாது சென்று, இதனைத் தீர்மானமாக எழுதச் செய்தல் வேண்டும். இது ஒரு சமூகத்தாருக்கு மாத்திரம் உரிய காரியமன்று. ஒரே குழாயில் நீர் பிடிக்கும் ஊரார் அனைவருக்கும் பொது. ஆகையால் எல்லாரோடும் கூடியே செய்ய வேண்டும்.