புறப்படுவதற்கு முன்னால் ஒரு பாடம்

(சோமனூரில் நடைபெற்ற குறுவள மைய ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிதிவண்டி. பதினோராம் வகுப்பில் நம் பிள்ளைகளுக்கு அரசு விலையில்லாமல் தருகிற அதே மிதிவண்டிதான். அதை வைத்து என்ன பாடம் நடத்த முடியும் என்று சிலர் நினைக்கலாம். நான் நடத்திப் பார்த்த அளவில் கணக்கு, அறிவியல், புவியியல் மூன்றுக்கும் அதில் இடம் இருக்கிறது. நான்காவதாக இன்னொன்றும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஒரு வரலாறு. 1920இல் பம்பாயின் ஓவல் மைதானத்தில், ஐரோப்பாவிலிருந்து இந்தியாவரை நடந்தே வந்த ஒரு பிரெஞ்சுக்காரர் பேசினார். அந்தப் பேச்சு சில இளைஞர்கள் மனத்தில் தங்கிவிட்டது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1923 அக்டோபர் 15 அன்று, பம்பாய் பளுதூக்கும் சங்கத்தைச் சேர்ந்த ஆறு பார்சி நண்பர்கள் மிதிவண்டியில் உலகைச் சுற்றப் புறப்பட்டார்கள். ஆதி ஹக்கீம், ஜல் பாபாசோலா, ருஸ்தம் பும்காரா, கேக்கி போச்கானாவாலா, குஸ்தாத் ஹாத்திராம், நாரிமன் கபாடியா ஆகியோர் அந்த அறுவர். எல்லாரும் இருபதுகளில் இருந்தவர்கள். பலுசிஸ்தான், ஈரான், ஈராக், ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான், கொரியா, சீனா, பர்மா என்று சுற்றி, 1928 மார்ச் 18 அன்று பம்பாய் திரும்பினார்கள். கடந்த தூரம் சுமார் 71,000 கி.மீ. அவர்கள் எழுதிய நூல் 1931இல் ஜவாஹர்லால் நேருவின் முன்னுரையோடு வெளிவந்தது.

இந்த இரண்டு தேதிகளையும் தூரத்தையும் கரும்பலகையில் எழுதிப்போட்டு, 'ஒரு நாளைக்குச் சராசரியாக எவ்வளவு தூரம்?' என்று என் வகுப்பில் கேட்டேன். நூறு, இருநூறு என்று பிள்ளைகள் அடுக்கினார்கள். நாள்களை எண்ணினால் 1,616 வருகிறது. இடையில் லீப் ஆண்டு இரண்டு வருவதால் அதை எண்ணுவதே ஒரு நல்ல பயிற்சி. வகுத்துப் பார்த்தால் நாளுக்கு 44 கி.மீ.தான். சோமனூரிலிருந்து கோயம்புத்தூர் போய்ப் பாதி வழி திரும்பி வருகிற தூரம். நம் ஊரில் வேலைக்காக அந்த அளவு மிதித்த தாத்தாக்கள் உண்டு. ஓய்வெடுத்த நாள், காய்ச்சலில் படுத்த நாள், கப்பலில் போன நாள் எல்லாம் சேர்ந்த சராசரி அது. வேகம் பெரிதல்ல, விடாமல் போவதுதான் பெரிது என்று நாம் ஆயிரம் முறை சொல்வதை ஒரு வகுத்தல் கணக்கு சொல்லிவிடுகிறது.

அடுத்தது அறிவியல். மிதிவண்டியின் முன்பல்சக்கரத்திலும் பின்பல்சக்கரத்திலும் உள்ள பற்களைப் பிள்ளைகளையே எண்ணச் சொல்லுங்கள். முன்னால் 44, பின்னால் 18 என்று வைத்துக்கொள்வோம். பெடலை ஒரு முறை சுற்றினால் பின்சக்கரம் ஏறக்குறைய 2.44 முறை சுற்றும். 28 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.23 மீட்டர். ஆக, ஒரு மிதிக்கு ஐந்தரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அவரவர் வீட்டிலிருந்து பள்ளிக்கு எத்தனை மிதி என்று கணக்கிட்டு, மறுநாள் மிதித்து எண்ணிப் பார்த்து வரச் சொன்னேன். கணக்குக்கும் எண்ணிக்கைக்கும் வித்தியாசம் வந்தது. இறக்கத்தில் மிதிக்காமல் வந்ததை ஒரு மாணவன்தான் கண்டுபிடித்துச் சொன்னான். அன்றைக்கு நான் அதிகம் பேசத் தேவைப்படவில்லை.

இப்போது நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். சென்ற ஆண்டு பிளஸ் ஒன் மாணவிகள் நான்கு பேர் என்னிடம் வந்தார்கள். "சார், நாங்க நாலு பேரும் அரையாண்டு லீவுல சைக்கிள்லயே கொடிவேரி அணை போலாம்னு இருக்கறோம்ங்க" என்றார்கள். போக வர நூறு கிலோமீட்டருக்கு மேல். போகாதே என்று சொல்வது எளிது. ஆறு வாரம் தயார் செய்யுங்கள், பிறகு பேசலாம் என்றேன்.

தயாரிப்பு என்றால் என்ன என்பதை விளக்க எனக்கு வெளியூர் உதாரணம் வேண்டியிருக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் விசைத்தறி வீட்டுப் பிள்ளைகள். தறி ஓடும் சத்தம் ஊருக்கே கேட்கும். அதற்கு முன்னால் உட்கார்ந்து பாவு பிணைப்பவரின் கைவேலை யாருக்கும் கேட்காது. பழைய பாவின் ஒவ்வோர் இழையோடும் புதிய பாவின் இழையைச் சேர்க்க வேண்டும், ஆயிரக்கணக்கில். ஓர் இழை விட்டுப்போனாலும் துணி முழுக்க அந்தக் கோடு தெரியும். "உங்கள் பயணத்துக்குப் பாவு பிணைக்கிற வேலை இது" என்றேன். சட்டென்று புரிந்துகொண்டார்கள்.

ஆளுக்கொரு பொறுப்பு பிரித்துக்கொண்டார்கள். ஒருத்தி வழி. நெடுஞ்சாலையில் அதிகம் போகாமல் அவிநாசி, நம்பியூர், கோபி வழியாகப் படம் வரைந்தாள். குடிநீர் கிடைக்கும் இடம், பஞ்சர் கடை, ஆரம்ப சுகாதார நிலையம் மூன்றுக்கும் தனித்தனிக் குறியீடு போட்டாள். இன்னொருத்தி செலவுக் கணக்கு. மூன்றாமவள் வண்டிப் பராமரிப்பு. நான்காமவள் பெற்றோர் நால்வர் வீட்டிலும் பேசி ஒப்புதல் வாங்குவது. மிகக் கடினமான வேலை அதுதான். கோபியில் ஒருத்தியின் அத்தை வீட்டில் இரவு தங்குவது, உடற்கல்வி ஆசிரியை தம் ஸ்கூட்டரில் கூடவே வருவது என்று முடிவானபோதுதான் கடைசி வீடும் சம்மதித்தது.

பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொள்ள நால்வரும் கடைக்காரரிடம் போனார்கள். டியூபுக்குக் காற்றடித்துத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடிப்பது, உப்புத்தாளால் தேய்ப்பது, சொல்யூஷன் தடவுவது வரை உடனே வந்துவிட்டது. தடவியதும் ஒட்டினார்கள், பெயர்ந்து வந்தது. "அது காயற வரைக்கும் பொறுக்கோணும் கண்ணு" என்றாராம் கடைக்காரர். இரண்டு நிமிடம் சும்மா இருப்பதுதான் அந்த வேலையிலேயே பழக வேண்டிய பகுதி என்று ஒருத்தி தன் குறிப்பேட்டில் எழுதியிருந்தாள்.

பெண் பிள்ளைகளுக்கு இது தேவையா என்று ஊரில் பேச்சு வராமல் இல்லை. அப்போது நான் புதுக்கோட்டையை நினைவுபடுத்தினேன். 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் சேர்த்தார். குவாரிக் கூலிகளும் விவசாயக் கூலிகளும் ஓட்டக் கற்றார்கள். பெண்கள் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளிலேயே ஏறி, நடுக்கம்பியில் குழந்தையை உட்காரவைத்துக்கொண்டு போனார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் மிதிவண்டிப் பேரணி போனார்கள். எழுத்தும் சக்கரமும் ஒன்றுக்கொன்று துணை என்பதை நம் மாநிலம் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே செய்து காட்டியிருக்கிறது.

புறப்படுவதற்கு நான்கு நாள் இருக்கும்போது, வழிப்படம் வரைந்த மாணவி வரவில்லை என்றாள். வீட்டில் தார் சுற்ற ஆள் இல்லை, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. மற்ற மூவரும் பயணத்தையே விட்டுவிடலாம் என்று வந்தார்கள். நான் அவர்களுக்கு அந்த ஆறு பேரின் கதையில் மீதியைச் சொன்னேன். புறப்பட்டது ஆறு பேர். பயணத்தை முடித்தது ஹக்கீம், பாபாசோலா, பும்காரா என்ற மூவர்தான். கபாடியா சொந்தக் காரணத்தால் தெஹ்ரானிலிருந்து திரும்பினார். ஹாத்திராம் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டார். அந்த வருத்தத்தில் போச்கானாவாலாவும் ஊர் திரும்பினார். பம்பாயிலிருந்து தெஹ்ரான் வரை மிதித்தவரைத் தோற்றவர் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

மூவரும் போனார்கள். போகும் வழியெங்கும் அவள் வரைந்த படத்தைத்தான் பார்த்துக்கொண்டு போனார்கள். படத்தில் இல்லாத ஒரு பஞ்சர் கடையையும் இரண்டு தண்ணீர்த் தொட்டிகளையும் குறித்துவந்து அவளிடம் கொடுத்தார்கள். அவள் அவற்றைப் படத்தில் சேர்த்தாள். அந்தப் படம் இப்போது எங்கள் வகுப்பறைச் சுவரில் இருக்கிறது.

நான்காவது பாடம் என்று சொன்னேன் அல்லவா, அது நமக்கானது. பயணத்திலிருந்து ஒருவர் விலகுவது வேறு, விடப்படுவது வேறு. கபாடியா தானே முடிவெடுத்துத் திரும்பினார். நம் வருகைப் பதிவேட்டில் தொடர்ந்து 'வரவில்லை' என்று விழுகிற பிள்ளை அப்படி முடிவெடுத்தவளா? பெரும்பாலும் இல்லை. தறியோ தம்பியோ திருமணப் பேச்சோ அவளுக்காக முடிவெடுத்துவிடுகிறது. கொடிவேரிக்கு வராமல் போனவள் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று வருவாளா என்பதுதான் எனக்கு அந்தப் பத்து நாளும் இருந்த கவலை. இரண்டு முறை அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மாவிடம் பேசினேன். பள்ளி திறந்த அன்று வந்தாள். இந்த ஆண்டு பிளஸ் டூ படிக்கிறாள். காலையில் தார் சுற்றிவிட்டுத்தான் வருகிறாள். அந்தச் சிக்கல் இன்னும் தீரவில்லை. ஆனால் அவள் வழியில் இருக்கிறாள்.

ஆசிரியப் பெருமக்களே, எல்லாப் பள்ளியிலும் நூறு கிலோமீட்டர் பயணம் சாத்தியமில்லை. தொடக்கப் பள்ளியில் பக்கத்துத் தெருவுக்குப் போய்வரும் நடைக்கே ஒரு வழிப்படம் வரையலாம். உயர்நிலையில் பல்சக்கரக் கணக்குப் போடலாம். மேல்நிலையில் ஒரு பயணத்தைக் காகிதத்தில் முழுதாகத் திட்டமிடலாம், புறப்படாவிட்டாலும் பரவாயில்லை. எதைச் செய்தாலும் வேலையைப் பிரித்துக் கொடுங்கள், நாள் குறித்துக் கொடுங்கள். குழுவில் ஒரு பிள்ளை பின்தங்கினால் காரணத்தை அவள் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை. நாம்தான் கேட்க வேண்டும்.